சொல்லாமல் விட்ட அளவுகள்

தாராபுரத்திலிருந்து கரூர் போகும் வழியில் இருக்கிறது மூலனூர். பருத்தி ஏலத்தாலும் முருங்கையாலும் பெயர் வாங்கிய ஊர். அந்த வட்டாரத்தில் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட் ஒன்று, தன் சரக்கைக் காட்ட ஓர் இணையதளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நிரல் எழுதத் தெரிந்த ஆள் இதற்குத் தேவையில்லை. படத்தை இழுத்து வைத்து, எழுத்தைத் தட்டினால் தளத்தைக் கட்டித் தந்துவிடும் மென்பொருள்கள் இன்று நிறைய இருக்கின்றன. மேசைக் கணினியின் குரோமில் டி-ஷர்ட் படங்கள் வரிசைக்கு நான்காக, சீரான இடைவெளியோடு அழகாக நிற்கின்றன. அதே தளத்தைப் பழைய ஐபோனில் திறந்தால் பக்கத்தின் தலையில் இருக்கும் பொத்தான்கள் இடைவெளி இழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஜியோபோனில் திறந்தாலோ வரிசையே கலைந்து எல்லாப் படங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடுகின்றன. மூன்றுக்கும் போனது ஒரே கோப்பு. வழியில் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு எப்படி மூன்று தோற்றம்?

'அந்தப் போன் சரியில்லை' என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். இல்லையென்றால், 'சைட் செய்தவர் சரியாகச் செய்யவில்லை' என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டு இணைய வரலாற்றைப் பார்த்தால், இந்தக் குளறுபடிகளில் பெரும்பாலானவற்றின் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இணையப் பக்கம் என்பது படம் இல்லை. நமக்கு வந்து சேர்வது, எழுத்தால் ஆன ஒரு குறிப்பு: இது தலைப்பு, இது பத்தி, இந்தப் பெட்டி இவ்வளவு அகலம், இந்த எழுத்து இந்த நிறம். எது எந்தப் பகுதி என்று சொல்லும் மொழிக்கு எச்டிஎம்எல் என்று பெயர். அது எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லும் மொழிக்கு சிஎஸ்எஸ் என்று பெயர். குறிப்பைப் படித்து, கணக்குப் போட்டு, திரையில் வரைவது உலாவி, அதாவது பிரவுசர். உலாவிக்குள் இந்த வேலையைச் செய்யும் பகுதியை வரைபொறி என்று சொல்லலாம். குரோமில் இருப்பது பிளிங்க், சஃபாரியில் வெப்கிட், ஃபயர்பாக்ஸில் கெக்கோ. மூன்றையும் இன்று வளர்ப்பவர்கள் வெவ்வேறு குழுவினர். குறிப்பில் எந்த இடம் சொல்லாமல் விடப்பட்டிருக்கிறதோ, அந்த இடத்தில் ஒவ்வொரு குழுவும் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்கிறது. தோற்றம் பிரிவது அங்கேதான்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. வெளிநாட்டு பையர் அனுப்பும் அளவுத்தாளில் 'முழு நீளம் 70 செ.மீ.' என்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? தோளின் உச்சியிலிருந்து அளப்பதா, பின்கழுத்தின் நடுவிலிருந்து அளப்பதா? ஒரு யூனிட் ஒருவிதமாகவும் இன்னொரு யூனிட் வேறுவிதமாகவும் எடுத்துக்கொண்டு தைத்தால், இருவரும் தாளை மீறவில்லை. ஆனாலும் இரண்டு சட்டையும் ஒன்றாக இராது. அதனால்தான் நல்ல அளவுத்தாளில் எங்கே டேப்பை வைத்து எங்கே முடிக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதும் இருக்கும். உலாவிகளின் உலகம் இப்படி ஒரு தாளை எழுதி முடிக்க இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

அந்தக் கால இணைய வடிவமைப்பாளர்களை மிகவும் அலைக்கழித்த சண்டை, பெட்டியின் அகலம் பற்றியது. ஒரு பெட்டிக்கு அகலம் 300 புள்ளி, அதாவது பிக்சல், என்று குறிப்பு சொல்கிறது. உள்ளே இருக்கும் எழுத்து ஓரத்தில் முட்டாமலிருக்க இரு பக்கமும் 20 புள்ளி வெற்றிடம், அதற்கு வெளியே இரு பக்கமும் 5 புள்ளிக் கோடு. 300 என்பது எழுத்து நிற்கும் உள்ளிடமா, கோட்டையும் சேர்த்த மொத்தமா? 1996 டிசம்பரில் வெளியான முதல் சிஎஸ்எஸ் விதிநூல், உள்ளிடம்தான் என்றது. அதன்படி மொத்தப் பெட்டி 350 புள்ளி. ஆனால் மைக்ரோசாஃப்ட், விதிநூல் முடிவாவதற்குச் சில மாதங்கள் முன்பே சிஎஸ்எஸ்ஸின் ஒரு பகுதியைப் புரிந்துகொள்ளும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3-ஐ வெளியிட்டுவிட்டது. அடுத்து வந்த அதன் பதிப்புகள் மொத்தமே 300 என்று கொண்டன. எழுத்துக்குக் கிடைத்தது 250 மட்டும். எக்ஸ்புளோரர் 5-இல் மட்டும் பார்த்துப் பார்த்து 900 புள்ளி அகலத்தில் மூன்று பெட்டிகளைக் கச்சிதமாக அடுக்கிய ஒருவரின் பக்கம், விதிப்படி நடக்கும் உலாவியில் 1050 புள்ளி கேட்கும். இடம் போதாமல் மூன்றாவது பெட்டி கீழே விழும். இதில் மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு முட்டாள்தனமானது என்று சொல்ல முடியாது. அட்டைப்பெட்டியின் அகலம் என்றால் வெளி அகலத்தைத்தான் பலரும் நினைப்பார்கள். 2001-இல் வந்த எக்ஸ்புளோரர் 6, பக்கத்தின் முதல் வரியில் ஒரு குறிப்பிட்ட அறிவிப்பு இருந்தால் விதிப்படியும், இல்லாவிட்டால் பழையபடியும் கணக்கிட்டது. பின்னாளில் சிஎஸ்எஸ்ஸே ஒரு கட்டளையைச் சேர்த்துக்கொண்டது: அகலம் என்று நான் சொல்வது உள்ளிடத்தையா மொத்தத்தையா என்று பக்கத்தை எழுதுபவரே சொல்லிவிடலாம். சண்டை அன்றோடு முடிந்தது. யார் சரி என்று தீர்ப்பு வந்ததால் முடியவில்லை; சொல்வதற்கு ஒரு சொல் கிடைத்ததால் முடிந்தது.

தளம் கட்டும் மென்பொருள்கள் இந்தக் குழப்பத்தைப் பெருக்கின. காரணம் எளிது: குறிப்பை எழுதும் வேலையை அவை பயனரின் கண்ணிலிருந்து மறைத்தன. 1990-களின் பிற்பாதியில் பரவிய மைக்ரோசாஃப்ட் ஃபிரன்ட்பேஜில், கடிதம் தட்டுவதுபோல் தட்டினாலே பக்கம் உருவாகிவிடும். ஓடும் எழுத்து வேண்டுமென்றால் ஒரு சொடுக்கு. நம் கல்லூரிகளும் அரசு அலுவலகங்களும் அறிவிப்புகளை இன்றும் ஓடவிட்டுக்கொண்டிருக்கும் அந்த ஓடும் எழுத்து, எக்ஸ்புளோரர் தானாகக் கொண்டுவந்த கட்டளை. எந்தப் பொது விதிநூலிலும் அன்று இல்லை. அதே காலத்தில் போட்டி உலாவியான நெட்ஸ்கேப் தன் பங்குக்கு மினுக்கும் எழுத்தைக் கொண்டுவந்தது. எக்ஸ்புளோரர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மென்பொருளின் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு, தான் அழுத்திய பொத்தான் ஒரு நிறுவனத்தின் உலாவிக்கு மட்டும் புரியும் வரியை எழுதுகிறது என்று தெரிய வழியே இல்லை. அவர் கண்ணால் பார்த்தது சரியாக இருந்தது. அவர் பார்த்தது அதே நிறுவனத்தின் உலாவியில்.

இன்னொரு பெரிய ஓட்டை, பிழைகளைப் பற்றியது. தொடங்கிய குறியை மூடாமல் விடுவது, உள்ளே இருப்பதை மூடும் முன் வெளியே இருப்பதை மூடுவது போன்ற பிழைகள் இணையப் பக்கங்களில் மலிந்து கிடந்தன. பிழை இருந்தால் பக்கத்தைக் காட்டவே மாட்டேன் என்று எந்த உலாவியும் சொல்லவில்லை. சொன்னால் பயனர் வேறு உலாவிக்குப் போய்விடுவார். ஒவ்வொன்றும் தன் யூகப்படி சரிசெய்து காட்டியது. சரியான குறிப்பை எப்படிப் படிப்பது என்று விதிநூல் சொன்னதே தவிர, தவறான குறிப்பை எப்படிப் படிப்பது என்று சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் உலகளாவிய வலைச் சங்கமான டபிள்யூ3சி கண்டிப்பின் பக்கம் சாய்ந்தது. பிழையுள்ள பக்கம் திறக்கவே கூடாது என்னும் புதிய மொழியை முன்வைத்தது. அது எடுபடவில்லை. 2004-இல் உலாவிகளைச் செய்யும் ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் தனிக் குழுவாகக் கூடி, இயன் ஹிக்சனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு எதிர்த் திசையில் போனார்கள். இருக்கும் உலாவிகள் பிழைகளை எப்படிச் சமாளிக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து, தவறான குறிப்பையும் எல்லா உலாவிகளும் ஒரேபோலத் தவறாமல் படிக்கும் முறையைப் படிப்படியாக எழுதிவைத்தார்கள். 2014 அக்டோபரில் டபிள்யூ3சி-யின் அதிகாரபூர்வப் பரிந்துரையான எச்டிஎம்எல் 5-இன் உயிர்நாடி, என் பார்வையில், காணொளியும் விளையாட்டும் அல்ல. இந்தப் பிழைப் பட்டியல்தான். ஓடும் எழுத்துக்குக்கூட அதில் இடமுண்டு. வழக்கொழிந்தது, பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு, பயன்படுத்தியிருந்தால் எப்படி ஓட வேண்டும் என்றும் விவரமாகச் சொல்கிறது.

இதெல்லாம் பெட்டி, கோடு, அலங்காரம் பற்றிய பேச்சு. எழுத்தே தெரியாமல் போவதற்கு முன் இவை சிறு தொல்லைகள். அந்தப் பெரிய தொல்லையைத் தமிழ் இணையம் முழுதாக அனுபவித்திருக்கிறது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தபோது, நா. கோவிந்தசாமியின் உழைப்பால் தமிழ்க் கவிதைகளும் அதில் இருந்தன. பின்வந்த ஆண்டுகளில் பத்திரிகைகளும் தனியாட்களும் தளங்களைத் தொடங்கினார்கள். தமிழுக்கென்று உலாவிகள் ஒப்புக்கொண்ட குறியீடு அன்று நடைமுறையில் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துருக்களே வழி. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது தளத்துக்குத் தளம் மாறியது. மின்னஞ்சல் வழியே கூடிப் பேசியவர்கள் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டைத் தரமாக அறிவித்தது. எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் திரையில் தெரிவது பவுண்டுக் குறியும் பிரெஞ்சு எழுத்துகளும் கலந்த குப்பை.

ஒவ்வொரு வாசகரையும் எழுத்துருவை இறக்கி நிறுவச் சொல்ல முடியாது என்பதால், பக்கத்தோடு எழுத்துருவும் தானாக வந்து இறங்கும் முறை 1997 வாக்கில் வந்தது. வந்தது ஒன்றல்ல, இரண்டு. எக்ஸ்புளோரர் 4 மைக்ரோசாஃப்ட்டின் கோப்பு வடிவத்தை ஏற்றது; நெட்ஸ்கேப் 4 பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வடிவத்தை ஏற்றது. ஒன்றுக்கு மற்றதன் கோப்பு புரியாது. சில ஆண்டுகளில் நெட்ஸ்கேப் சரிந்தது. அதன் வாரிசான மொசில்லா அந்த வடிவத்தைக் கைவிட்டது. எஞ்சியது எக்ஸ்புளோரரின் முறை மட்டும். அந்த முறையை மட்டும் நம்பிய தமிழ்த் தளங்களை ஃபயர்பாக்ஸில் திறந்தவர்கள் குப்பையைத்தான் பார்த்தார்கள். அதைப் படிப்பதற்கென்றே பத்மா என்ற துணைநிரல் ஃபயர்பாக்ஸுக்கு எழுதப்பட்டது. தளத்தின் தனிக் குறியீட்டை அடையாளம் கண்டு, அந்த இடத்திலேயே ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டும். ஒட்டுப்போட்ட தீர்வுதான். ஆனால் செய்தியைப் படிக்க வேண்டியவருக்கு அது பெரிய உதவி.

ஒருங்குறி என்னும் யூனிகோடு பரவியதும் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். எண் ஒன்றானது, வரைவது ஒன்றாகவில்லை. 2003-க்குப் பிறகு தமிழ் வலைப்பதிவுகள் பெருகியபோது பலரும் பிளாகர் போன்ற இலவசக் கருவிகளில், வேறு யாரோ ஆங்கிலத்துக்காகச் செய்த வார்ப்புருக்களை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவற்றில் சில, பத்தியின் இரு ஓரத்தையும் அச்சுப் புத்தகம்போல் நேராக்கும் கட்டளையைக் கொண்டிருந்தன. எக்ஸ்புளோரரில் சரியாகத் தெரிந்த அந்தப் பதிவுகள், ஃபயர்பாக்ஸ் 2-இல் உடைந்து தெரிந்தன: கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், இடையே புள்ளிகளால் ஆன வட்டம். ஏன்? 'கொங்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. கணினியின் நினைவில் ஆறு குறியீடு: க, அதன் ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. வரையும்போது ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். கடைசி இரண்டும் சேர்ந்து 'கு' என்ற ஒரே வடிவமாக வேண்டும். குறியீடுகளைச் சேர்த்துப் பார்த்து வடிவத்தை முடிவுசெய்யும் இந்த வேலைக்கு எழுத்துக்கோப்பு என்று பெயர் வைக்கலாம். சாதாரணப் பத்தியில் ஃபயர்பாக்ஸ் முழுச் சொல்லையும் எழுத்துக்கோப்பு நிரலிடம் ஒப்படைத்தது. ஓரத்தை நேராக்கச் சொன்னதும், இடைவெளியைத் துல்லியமாகப் பங்கிடுவதற்காகக் குறியீடு குறியீடாகத் தனித்தனியே வரையத் தொடங்கியது. ஆங்கிலத்தில் ஒரு குறியீடு என்றால் ஓர் எழுத்து. ஆகவே அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தமிழிலும் இந்தியிலும் உடைந்தது. 2008 ஜூனில் எழுத்தை வரையும் பகுதி புதிதாக எழுதப்பட்டு வந்த ஃபயர்பாக்ஸ் 3-இல்தான் இது சரியானது. அதுவரை வார்ப்புருவைத் திறந்து, நேராக்கும் வரியைத் தேடி நீக்குவதுதான் வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த மருந்து.

கைபேசியில் இதே கதை இன்னொரு வடிவில் தொடர்ந்தது. ஆரம்பகால ஆண்ட்ராய்டுகளிலும் அதற்கு முந்தைய போன்களிலும் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தபோது, ஓபரா மினி என்ற சிறு உலாவி கைகொடுத்தது. அதன் வழியே போகும் பக்கத்தை நிறுவனத்தின் கணினிகளே வாங்கி, சுருக்கி, போனுக்கு அனுப்பும். முகவரிப் பட்டையில் ஒரு சிறப்புச் சொல்லைத் தட்டி, உள்ளே ஓர் அமைப்பை மாற்றினால், சிக்கலான எழுத்துகளை அந்தக் கணினிகளே படமாக வரைந்து அனுப்பிவிடும். போனுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. இன்று குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றுமே எழுத்துக்கோப்புக்கு ஹார்ஃப்பஸ் என்ற ஒரே திறமூல நிரலைப் பயன்படுத்துகின்றன. எழுத்துருவை அனுப்பும் வடிவமும் 2012 டிசம்பரில் டபிள்யூ3சி-யின் பரிந்துரையாகி ஒன்றாகிவிட்டது. இந்த இரண்டும் அமைந்த பிறகுதான் தமிழ்ப் பக்கம் எந்த உலாவியிலும் தமிழாகவே தெரியும் நிலை வந்தது.

குற்றம் உலாவியிலா, பக்கத்திலா, விதிநூலிலா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? யூகத்தால் அல்ல. கெட்டுப்போன பக்கத்தை எடுத்து, பாதியை வெட்டிப் பார்க்கிறார்கள். கோளாறு இன்னும் இருந்தால் மீதியில் பாதியை வெட்டுகிறார்கள். மறைந்துவிட்டால் வெட்டியதைத் திரும்ப வைத்து மற்றப் பாதியை வெட்டுகிறார்கள். பத்தாயிரம் வரிப் பக்கம் இப்படிப் பத்து வரிக்குச் சுருங்கும். அந்தப் பத்து வரியை விதிநூலோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒன்று தெரிந்துவிடும். விதி சொன்னதை உலாவி செய்யவில்லை. அல்லது விதி சொல்லாததைப் பக்கம் எதிர்பார்த்தது. அல்லது விதியே அங்கே மௌனமாக இருக்கிறது. இத்தகைய சோதனைகளைப் பொதுவில் வைக்கும் வழக்கம் 1998-இல் வந்த ஆசிட் சோதனையிலிருந்து பிரபலமானது. 2005-இல் வந்த ஆசிட் 2, உலாவி விதிப்படி நடந்தால் சிரிக்கும் முகம் ஒன்றை வரையும். நடக்காவிட்டால் முகம் கோணும். அன்றைய உலாவிகள் எதிலும் முகம் சரியாக வரவில்லை. ஒற்றைப் படத்தால் நிறுவனங்களை வெட்கப்படவைக்கலாம், ஆனால் ஆயிரக்கணக்கான விதிகளைச் சோதிக்க முடியாது. எனவே உலாவி செய்வோர் எல்லோரும் இன்று ஒரே சோதனைக் கிடங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு சோதனைகள். எந்த உலாவி எதில் தேறியது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை ஆண்டுதோறும் கூடி, மிகவும் வேறுபடும் இடங்களைத் தேர்ந்தெடுத்து அந்த ஆண்டுக்குள் ஒன்றாக்க ஒப்புக்கொள்கின்றன. பையரின் தாளில் அளவு மட்டும் இருந்த காலம் போய், அளந்து காட்டும் முறையும் செக்கிங் மேசையும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட நிலை இது.

இவ்வளவு செய்த பிறகும் மூலனூர்த் தளம் ஏன் மூன்று தோற்றம் காட்டுகிறது? இங்கே விதியில் ஓட்டை இல்லை. காலத்தில் இருக்கிறது. ஒரே வரிசையில் அடுக்கிய பொருள்களுக்கு நடுவே இடைவெளி விடும் கட்டளையை, குரோம் 2020 ஜூலையில் ஏற்றது. சஃபாரி 2021 ஏப்ரலில் வந்த 14.1-ஆம் பதிப்பில்தான் ஏற்றது. அதற்கு முந்தைய பதிப்போடு நின்றுவிட்ட ஐபோனில் பொத்தான்கள் ஒட்டிக்கொள்ளும். படங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் பிரித்து வைக்கும் முறை, ஃபயர்பாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றுக்கும் 2017 மார்ச்சில் வந்தது. ஜியோபோன் அந்த ஆண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்டாலும், அதன் கையோஸ் இயங்குதளத்துக்குள் இருப்பது 2016-இல் வெளியான ஃபயர்பாக்ஸ் 48-இன் கெக்கோ. கட்டம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. தெரியாத கட்டளையைக் கண்டால் பதறாமல் தாண்டிப் போ என்பது சிஎஸ்எஸ்ஸின் பழைய விதி. அதைத்தான் ஜியோபோன் செய்கிறது: அலங்காரத்தை விட்டுவிட்டுப் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறது. பக்கம் அழகாக இல்லை. ஆனால் எல்லாப் படமும் இருக்கிறது, விலையும் படிக்கக் கிடைக்கிறது. இந்த வேறுபாட்டை நான் கோளாறு என்று சொல்லமாட்டேன். எல்லாத் திரையிலும் ஒரே தோற்றம் என்பது இணையத்தின் நோக்கமே இல்லை. எல்லாத் திரையிலும் படிக்க முடிய வேண்டும், பொத்தானை அழுத்தினால் வேலை நடக்க வேண்டும்.

இவ்வளவு தலைவலி எதற்கு, பெரும்பாலோர் குரோமில்தானே பார்க்கிறார்கள், அதற்கு மட்டும் செய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட்டே 2020 ஜனவரியில் தன் எட்ஜ் உலாவியை குரோமின் வரைபொறிக்கு மாற்றிவிட்டது. ஓபரா 2013-லேயே மாறியது. உலகமே ஒரு வரைபொறிக்கு வந்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கே தேவையிராது. இந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஒரு சிறு யூனிட்டின் கணக்கில் அது நியாயமும்கூட. ஆனால் ஒரே உலாவி ஆண்டால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டோம். எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001-இல்; போட்டியாளர் இல்லாததால் 7-ஆம் பதிப்பு வர 2006 அக்டோபர் ஆனது. அந்த இடைவெளியில் கட்டப்பட்டவை எல்லாம் அதன் பழக்கங்களோடு பிணைந்துபோயின. தென்கொரியாவில் இணைய வங்கி எக்ஸ்புளோரரின் துணைநிரலை நம்பி எழுந்தது. அதிலிருந்து விடுபட அந்த நாட்டுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. நம் நாட்டில் ஒப்பந்தப்புள்ளி, வரித் தளங்களில் டிஜிட்டல் கையொப்பமிட ஜாவா துணைநிரல் தேவைப்பட்டது. 2015-இல் குரோமும் 2017-இல் ஃபயர்பாக்ஸும் அத்தகைய துணைநிரல்களுக்குக் கதவடைத்த பிறகும், அந்த வேலைக்காகவே பழைய எக்ஸ்புளோரரை வைத்திருந்த கணக்கு அலுவலகங்கள் பல. 2022 ஜூன் 15-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் எக்ஸ்புளோரரை ஓய்வுபெறச் செய்தது. ஒரு உலாவியை நம்பிக் கட்டியது, அந்த உலாவியோடு போகும். அதோடு ஐபோன் வைத்திருக்கும் ஐரோப்பிய, அமெரிக்க பையர் தன் போனில் குரோமையே திறந்தாலும், உள்ளே ஓடுவது பெரும்பாலும் வெப்கிட்தான். ஆப்பிள் நெடுங்காலம் வேறு வரைபொறியை ஐபோனில் அனுமதிக்கவில்லை, 2024-இல்தான் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் விலக்களித்தது. ஏற்றுமதியை நம்பும் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

அதெல்லாம் தளம் கட்டும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொரு மறுப்பு. பழைய ஃபிரன்ட்பேஜை விட இன்றைய கருவிகள் மிகவும் மேல், சந்தேகமில்லை. பழைய உலாவிக்கும் புரியும்படி ஒரே கட்டளையை இரண்டு மூன்று விதமாக அவையே எழுதிக்கொள்கின்றன. ஆனால் எந்தப் பதிப்பு வரை ஆதரிப்பது என்று முடிவெடுப்பது அவர்கள்தான், நாமில்லை. வேர்ட்பிரஸ் 2021 ஜூலையில் தன் 5.8-ஆம் பதிப்போடு எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவை நிறுத்தியது. அது நியாயமான முடிவு, முன்கூட்டியே அறிவித்துச் செய்தார்கள். ஆனால் வேர்ட்பிரஸ்ஸின் மேல் ஏறி உட்காரும் ஆயிரக்கணக்கான வார்ப்புருக்களுக்கும் செருகுநிரல்களுக்கும் இப்படி ஒரு அறிவிப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. அவற்றில் பெரும்பாலானவை தமிழை ஒருமுறைகூடக் காட்டிப் பார்க்காமல் வெளியாகின்றன. இந்திய அரசுத் தளங்களுக்காக 2009-இல் வந்த வழிகாட்டு நெறிகள், மாநில மொழி எழுத்துருக்களைப் பரவலான உலாவிகளில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தனியாகவே ஒரு வரியில் சொல்லின. தனியார் கருவிகளைக் கட்டாயப்படுத்த அப்படி ஒரு வரி கிடையாது.

ஆகவே தளத்தை வெளியிடும் முன் ஒரு ஐபோன், ஒரு மலிவான ஆண்ட்ராய்டு, ஒரு ஃபயர்பாக்ஸ் ஆகிய மூன்றிலும் திறந்துபார்ப்பதும், 'கொங்கு', 'ஸ்ரீ', 'னூ' போன்ற வடிவங்கள் தலைப்பிலும் பொத்தானிலும் இரு ஓரமும் நேராக்கிய பத்தியிலும் ஒழுங்காக நிற்கின்றனவா என்று கவனிப்பதும் பயனரின் கையில்தான் இருக்கிறது. ஆங்கிலத் தலைப்புகளுக்காக எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும் வார்ப்புருக்களில் தமிழ் சிதறித் தெரிந்தால் அந்த ஒரு வரியை எடுத்துவிடலாம். சிதறுவது உலாவியால்தான் என்று உறுதியானால், குரோம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் மூன்றும் பிழை தெரிவிக்கும் பதிவேடுகளைத் திறந்தே வைத்திருக்கின்றன. டபிள்யூ3சி-யும் தமிழை எந்த வரைபொறி எங்கே சரியாகக் கையாளவில்லை என்று பட்டியலிடும் ஆவணம் ஒன்றைப் பராமரிக்கிறது. அங்கெல்லாம் நீண்ட கடிதம் எழுதத் தேவையில்லை. பாதி பாதியாக வெட்டிச் சுருக்கிய பத்து வரிக் கோப்பு, உடைந்த திரையின் படம் ஒன்று, உடையாத திரையின் படம் ஒன்று. இவை இருந்தால் பிழையைத் திருத்துபவர் வேலையைத் தொடங்கிவிடலாம்.